பேப்பரில் சுற்றிய பட்டை

அன்று காலை கடையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நைனா இருந்தார். நைனா என்றால் என் அப்பா. எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். மரம் அறுக்கிற மெஷினை ரிப்பேர் செய்வது அவர் தொழில். அம்மா இருந்தாள். மெஷின் சங்கிலியின் பற்களுக்கு அரம் போட்டுக் கூராக்குவது அவள் வேலை. ஒரு பல்லுக்கு மூன்று இழுப்பு. நாலாவது இழுக்க மாட்டாள், இரண்டோடு விடவும் மாட்டாள். மாமா இருந்தார். அம்மாவின் தம்பி, மரம் ஏறுகிறவர். அடையாறுக்காரர் இருந்தார். அவருக்கும் பெயர் உண்டு, எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. மரம் வெட்டும் கான்ட்ராக்ட் எடுப்பவர். கடைசியாக நான். காலி கிரீஸ் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

புயல் அடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் இன்னும் கரண்ட் வரவில்லை. பள்ளிக்கூடம் லீவு. ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு மரம் படுத்திருந்தது. ஊருக்கெல்லாம் கஷ்டம், எங்கள் கடைக்கு மட்டும் வேலை. கடை வாசலில் மெஷின்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிய ஆட்கள் போல.

அதில் இரண்டு மெஷின் அவசரம். ஒன்று மாமாவுடையது, ஒன்று அடையாறுக்காரருடையது. ஒரே கம்பெனி, ஒரே கலர், ஒரே அளவு. அடையாறுக்காரர் தன் மெஷினின் கைப்பிடியில் நீல டேப் சுற்றியிருப்பார், அது ஒன்றுதான் வித்தியாசம். அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் மேல் மரம் சாய்ந்து நின்றது. அந்த வேலையை அடையாறுக்காரர் பிடித்திருந்தார். மாமா மேலே ஏறி அறுக்க வேண்டும், அடையாறுக்காரர் கீழே விழுவதைத் துண்டு போட வேண்டும். இரண்டு மெஷினிலும் ஒரே வியாதி. பிரேக் பட்டை அறுந்திருந்தது.

அந்தப் பட்டை என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். அறுக்கும்போது மெஷினின் நுனி எதிலாவது தட்டினால், மெஷின் பின்னால் எகிறும். நேராக முகத்துக்கு வரும். அப்போது பிடித்திருக்கிற கை முன்னால் உள்ள தடுப்பில் மோதும். மோதியதும் உள்ளே இருக்கிற இரும்புப் பட்டை, சங்கிலியைச் சுற்றவைக்கிற உருளையை இறுக்கிப் பிடிக்கும். கண் மூடித் திறப்பதற்குள் சங்கிலி நின்றுவிடும். விரல் அகலம்கூட இல்லாத பட்டை. அது பிடிக்காவிட்டால் முகம் போய்விடும்.

இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. கடைக்கு ஒரு ஆள் வருவார். கன்னத்தில் தொடங்கி காது வரை தையல் போட்ட தடம். சிரித்தால் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும். டூப்ளிகேட் பட்டை போட்டு ஓட்டியவர். "நல்லாத்தான் நின்னுக்கினு இருந்திச்சி. அன்னிக்கி ஒரு தபா மட்டும் நிக்கல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் வந்தால் நான் டப்பாவை விட்டு எழுந்து கடைக்குப் பின்னால் போய்விடுவேன்.

மாமா தன் மெஷினை மேசை மேல் வைத்துவிட்டு, கயிறு வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனார். அடையாறுக்காரர் மேசையை விட்டு நகரவில்லை.

"கம்பெனி பட்டை இன்னா விலை?" என்று கேட்டார்.

"ரெண்டாயிரத்தி முந்நூறு."

"இத்தினிக்கூண்டு தகடுக்கா?"

"தகடு மட்டும் விக்க மாட்டான். ஸ்பிரிங்கு, பின்னு எல்லாம் சேத்து ஒரே டப்பா. ஒண்ணு போனாலும் மூணும் வாங்கணும். பித்தான் போனா சட்டையே வாங்குன்றான்."

"டூப்ளிகேட்டு?"

"முந்நூத்தம்பது."

அடையாறுக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். மூன்று நாளாக நல்ல வரும்படி. "கம்பெனியே போட்டுடு. ஆனா டப்பாவ கண்ல காட்டணும்" என்றார்.

நைனா அலமாரியிலிருந்து வெள்ளை டப்பாவை எடுத்தார். கம்பெனியின் எழுத்து பளபளவென்று இருந்தது. மூடியைத் திறந்தார். உள்ளே பட்டை கண்ணாடி மாதிரி மின்னியது. அடையாறுக்காரர் அதைக் கையில் வாங்கி, நகைக்கடையில் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நோட்டை எண்ணிக் கொடுத்தார். நைனா பட்டையை மாட்டினார்.

"டப்பாவ நா எடுத்துக்கினு போறேன்" என்றார் அடையாறுக்காரர்.

"அது கிடக்கட்டும். பாப்பா வெளாடும்."

டப்பா என் கைக்கு வந்தது. அப்படித்தான் எப்போதும் வரும். விளையாடலாம், கிழிக்கக் கூடாது, நசுக்கக் கூடாது. விளையாடி முடித்ததும் அலமாரியில் வைத்துவிட வேண்டும். அது கடையின் சட்டம். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அடுத்தது மாமாவின் மெஷின். நைனா குனிந்து மேசைக்கு அடியில் கையை விட்டார். பழைய பேப்பரில் சுற்றிய ஒன்றை வெளியே எடுத்தார். பிரித்தார். அதுவும் பட்டைதான். கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தார். துடைத்தும் கறுப்பாகவே இருந்தது.

அம்மா அரத்தை நிறுத்தினாள்.

"இன்னாயா அது?"

"பட்டை."

"எங்க இருந்த பட்டை?"

"செத்த மிஷின்ல இருந்தது."

எங்கள் தொழிலில் இனிமேல் ஓடாது என்று கழித்துப் போட்ட மெஷினுக்குச் செத்த மெஷின் என்று பெயர். அது எனக்குத் தெரியும். ஆனாலும் செத்த என்கிற சொல் அன்று காலை காதில் வேறு மாதிரி விழுந்தது.

"நல்லா கீதுயா உன் நியாயம்" என்றாள் அம்மா. குரல் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. "துட்டு குடுக்கறவருக்குப் புதுசு. என் தம்பிக்கு செத்ததா? மேல ஏறுறவன் அவன்தான, தெரியுமில்ல?"

"கம்முனு அரத்தைப் போடு."

நைனா அடையாறுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அடையாறுக்காரர் வாசல் பக்கம் திரும்பி, காதில் விழாத மாதிரி நின்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அம்மா குனிந்து அரம் போட ஆரம்பித்தாள். மூன்று இழுப்பு. மூன்று இழுப்பு.

மாமா கயிற்றோடு வந்தார். நைனா இரண்டு மெஷினையும் ஓடவிட்டு, தடுப்பைத் தட்டிக் காட்டினார். இரண்டிலும் சங்கிலி டக்கென்று நின்றது. அது எனக்கு ஆறுதலாக இல்லை. தையல் போட்டவருக்கும் நன்றாகத்தான் நின்றிருக்கிறது.

"துட்டு எவ்ளோ?" என்றார் மாமா.

"போ போ. வேலையப் பாரு."

காசு வாங்காததைப் பார்த்ததும் எனக்கு உறுதியாகிவிட்டது. காசு கொடுத்து வாங்கினால் நல்ல பொருள். சும்மா கொடுத்தால் என்ன பொருள் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அம்மா என் கையில் சோற்றுத் தூக்கைக் கொடுத்தாள். மாமா மதியம் எங்கள் வீட்டுச் சோறுதான் சாப்பிடுவார். "மாமாகூடப் போ. வேலைக்கு நடுவுல நீ இங்க சுத்தாத. மரத்துகிட்ட மட்டும் போவாத" என்றாள்.

மாமாவின் மொபெட்டில் மெஷின் அவர் கால்களுக்கு நடுவில் நின்றது. நான் பின்னால் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடையாறுக்காரர் முன்னால் தன் ஆட்களோடு சின்ன லாரியில் போனார். சைதாப்பேட்டைப் பாலம் தாண்டியதும், வழியில் கிடந்த மரங்களுக்கு வளைந்து வளைந்து போக வேண்டியிருந்தது. மாமா ஏதோ பாட்டை விசிலில் அடித்துக்கொண்டு வந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சட்டையில் தோள்பட்டைக்குக் கீழே ஒரு தையல் விட்டிருந்தது.

நந்தனத்தில் நின்றபோது கேட்டுவிட்டேன்.

"மாமா, பிரேக் நிக்குமா?"

"நிக்காம? இதோ, கால ஊணிக்கினா நிக்கும்" என்று மொபெட்டைக் காலால் தேய்த்துக் காட்டினார்.

"வண்டி இல்ல மாமா."

பச்சை விளக்கு எரியவில்லை, போலீஸ்காரர் கையைக் காட்டினார். வண்டி கிளம்பிவிட்டது. மேற்கொண்டு சொல்ல வாய் வரவில்லை. கம்முனு இரு என்று நைனா அம்மாவிடம் சொன்னது எனக்கும் சேர்த்துச் சொன்னது போல இருந்தது. சொன்னால் நைனா மாட்டிக்கொள்வார். சொல்லாவிட்டால் மாமா.

அபிராமபுரத்து வீட்டில் தூங்குமூஞ்சி மரம் வேரோடு பிடுங்கிக்கொண்டு மாடிச் சுவரில் சாய்ந்திருந்தது. பெரிய மரம். இலைகள் இன்னும் வாடவில்லை. வீட்டுக்கார அம்மாள் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "யாரோட கொழந்தை இது? மரத்துக்குக் கீழ நிக்காதே. ஆத்துக்குள்ள வந்து உக்காரு" என்றார். நான் போகவில்லை. கேட்டுக்கு எதிரே சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து மாமாவின் கால்கள் தெரியும்.

மாமா இடுப்பில் கயிறு கட்டி ஏறினார். கிளைக்குக் கிளை கையை வைத்து, காலை வைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏறினார். மேலே போய்க் காலை ஊன்றிக்கொண்டு இன்னொரு கயிற்றை விட்டார். கீழே இருந்தவர்கள் அதில் மெஷினைக் கட்டினார்கள். அது ஆடிக்கொண்டே மேலே போனது.

மெஷின் சத்தத்தை வைத்தே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். சத்தம் உரத்தால் அறுக்கிறார். தணிந்தால் அடுத்த கிளைக்கு நகர்கிறார். அறவே நின்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. நின்றபோதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி சத்தம் கேட்டதும் விட்டேன். சில முறை நின்ற நேரம் நீளமாகப் போய் தலை சுற்றியது. எனக்கு ஒன்றுக்கு வந்தது. எழுந்து போனால் அந்த நேரத்தில் ஏதாவது நடந்துவிடும் என்று போகவில்லை. எங்கள் தெரு அம்மனிடம் என்னென்னவோ தருவதாகச் சொன்னேன். என்னிடம் இருந்ததே ஒரு ஜாமெட்ரி பாக்ஸ்தான். அதையும் சொன்னேன்.

பதினோரு மணி இருக்கும். மாமா ஒரு கிளையை முக்கால்வாசி அறுத்தார். கிளை சட்டென்று திரும்பியது. மெஷினின் நுனி பின்னால் இருந்த இன்னொரு கிளையில் தட்டியது. மெஷின் எகிறியது. மாமாவின் தலை பின்னால் போனது.

சங்கிலி நின்றுவிட்டது. எஞ்சின் மட்டும் உறுமியது. மாமா தடுப்பைப் பின்னால் இழுத்துவிட்டு, கீழே பார்த்துச் சிரித்தார். "இன்னா, மூஞ்சி இருக்குதா பாரு" என்று கூவினார். கீழே எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு தடவை நின்றுவிட்டது. தையல் போட்டவர் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. அடுத்த தடவை நிற்காது.

டீக்கு இறங்கினார். அடையாறுக்காரரும் மற்றவர்களும் தெருமுனைக்குப் போனார்கள். மாமா என் பக்கத்தில் வந்து குந்தினார். உடம்பெல்லாம் மரத்தூள். கண்ணிமையில்கூட ஒட்டியிருந்தது.

"இன்னாடி, பேயறஞ்ச மாரி கீற?"

சொல்லிவிட்டேன். அவர் கயிறு வாங்கப் போனபோது நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை டப்பா, புதுப் பட்டை. பழைய பேப்பர், கறுப்புப் பட்டை, செத்த மெஷின். அம்மா சண்டை போட்டது. நைனா கம்முனு இரு என்றது.

மாமா உள்ளங்கையில் இருந்த தூளைத் தட்டினார்.

"நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

"அக்காவே கேட்டுச்சா?"

"சத்தமா கேட்டுது."

"த்தா, அதான் துட்டு வாணான்னாரா உங்க நைனா" என்றார். சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு என் தலையில் கையை வைத்தார். "யார்கிட்டயும் சொல்லாத. நா பாத்துக்கறேன்."

அடையாறுக்காரர் திரும்பி வந்தார். மாமா தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனார்.

"அண்ணே, சங்கிலி சுத்த மொக்கையா கீது. எங்கக்கா சரியா அரம் போடல போல. மேல கஷ்டமா இருக்குது. உன்னுத குடு, நீ கீழதான அறுக்கற."

"இன்னிக்கி காலைலதான போட்டாங்க?"

"தூக்கத்துல போட்டிருக்கும். மூணு நாளா தூங்கல."

அடையாறுக்காரருக்கு மனசில்லை. புதுப் பட்டை போட்ட மெஷின். ஆனால் மேலே ஏறுகிற ஆள் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது, வேலை நின்றுவிடும். நீல டேப் சுற்றிய மெஷினை நீட்டினார்.

அம்மா அரம் போட்ட சங்கிலி மொக்கை என்பது பொய். அது எனக்குத் தெரியும். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. நான்தான் காப்பாற்றினேன். அன்று காலையிலிருந்து முதல் முறையாக மூச்சு தாராளமாக வந்தது. வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டு, பின்கட்டுக்குப் போய்விட்டு வந்தேன். வந்து தூக்கைத் திறந்து என் பங்கைச் சாப்பிட ஆரம்பித்தேன். கத்தரிக்காய்க் குழம்பு.

சத்தம் உரத்தது. தணிந்தது. உரத்தது. நான் மேலே பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. தகரத்தைக் கல்லில் அடித்த மாதிரி, சின்னதாக. எஞ்சின் நிற்கவில்லை. உறுமிக்கொண்டே இருந்தது. கீழே நின்ற ஆட்கள் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். நிமிர்ந்தேன். மெஷின் கயிற்றில் தனியாகத் தொங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. மாமா இடுப்புக் கயிற்றில் சாய்ந்து கிடந்தார். இடது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். முகத்துக்கு வந்ததை அந்தக் கையால்தான் தடுத்திருக்கிறார். அவர் கத்தவில்லை. இலைகள் மேல் சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம், எஞ்சின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. கேட்டிருக்க முடியாது என்று இப்போது தெரிகிறது. அப்போது கேட்டது.

இறக்கினார்கள். துண்டு போட்டுச் சுற்றினார்கள். துண்டு போதவில்லை, லுங்கியைக் கிழித்தார்கள். ஆட்டோ வந்தது. மாமா என்னைத் தாண்டிப் போகும்போது, "சாப்ட்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

வீட்டுக்கார அம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டார். நான் சுவரோரமே இருந்தேன். கையில் சோறு காய்ந்துபோயிருந்தது. கழுவ வேண்டும் என்று தோன்றவில்லை.

நைனா சைக்கிளில் வந்தார். ஆஸ்பத்திரிக்கு அம்மா போயிருப்பதாகச் சொன்னார். என்னைத் தொட்டுப் பார்த்தார், எனக்கு ஒன்றும் இல்லையே என்று. பிறகு மெஷினிடம் போனார். கீழே இறக்கி வைத்திருந்தார்கள். கைப்பிடியில் இருந்த நீல டேப்பைப் பார்த்தார்.

"இது எப்டி அவன் கைக்குப் போச்சி?"

"சங்கிலி மொக்கைன்னு மாத்திக்கினான்" என்றார் அடையாறுக்காரர்.

நைனா உட்கார்ந்து பக்க மூடியைக் கழற்றினார். பட்டை இரண்டு துண்டாக வந்தது. வளைவில் உடைந்திருந்தது, உடைந்த இடம் நீலம் பூத்திருந்தது. அடையாறுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"கம்பெனின்னு சொல்லித்தான குடுத்த?"

"கம்பெனிதான்" என்றார் நைனா. துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அதுவும் ஒடையும்."

அதை நான் நம்பினேன். ரொம்ப வருடம் நம்பினேன். கம்பெனியும் உடையும். கெட்டதைக் கொடுத்துவிட்டு நல்லதை வாங்கிக்கொண்டோம், நல்லதும் உடைந்துவிட்டது. அம்மன் மேல்தான் எனக்குக் கோபம். ஜாமெட்ரி பாக்ஸைக் கொடுக்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமாவின் கை ஒரு பொட்டலம் போலக் கிடந்தது. அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். நைனா குனிந்து, அவர் காதோடு ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. மாமா பதிலை மட்டும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சங்கிலி மொக்கையா இருந்திச்சி. அதான் மாத்தினேன்."

அம்மா தன் கைகளைப் பார்த்தாள். அரம் பிடித்துப் பிடித்துக் காய்த்த விரல்கள். "மூணு இழுப்பு போட்டேனே" என்றாள். "போட்டேனா?" என்று என்னைக் கேட்டாள்.

போட்டாள். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் வாய் திறந்தால், மாமாவிடம் நான் சொன்னது வெளியே வரும். நைனா செய்ததை நான் போட்டுக்கொடுத்தது தெரிந்துவிடும். கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா என்னைப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு அம்மா ஒரு பல்லுக்கு ஐந்து இழுப்புப் போட ஆரம்பித்தாள். சங்கிலி சீக்கிரம் தேய்ந்துபோகிறது என்று வருகிறவர்கள் குறை சொன்னார்கள். கேட்கவில்லை. முடித்ததும் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு பல்லாக விரலால் தடவிப் பார்ப்பாள். விரல் கிழியும். இன்றைக்கும் அப்படித்தான்.

மாமா மறுபடி மரம் ஏறவில்லை. இடது கை மூடாது. கோபாலபுரத்தில் ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் ஆனார். நான் எட்டாவதோடு நின்று, நைனாவின் மேசைக்கு வந்துவிட்டேன். நைனா கையைப் பார்த்துத்தான் தொழில் பிடிபட்டது. அவர் அதிகம் பேச மாட்டார், அந்த நாளைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது.

போன மழைக்கு முன்னால் ஒரு பையன் கடைக்கு வந்தான். தென்னை மரம் ஏறுகிறவன், புதிதாக மெஷின் வாங்கியிருந்தான். பிரேக் பட்டை போயிருந்தது. கம்பெனி டப்பா இப்போது இன்னும் விலை. அவனிடம் அவ்வளவு இல்லை. அலமாரியில் பளபளவென்று இருந்த டூப்ளிகேட்டைக் காட்டி, "அதப் போடுக்கா, புதுசா கீதே" என்றான்.

"புதுசுன்னா நல்லதா? மேல ஏறுறவனுக்கு அது ஆகாது. சூடானா வளைவுல ஒடஞ்சிடும்" என்றேன். "செத்த மிஷின்ல இருந்து கழட்டின கம்பெனி பட்டை ஒண்ணு கீது. பழசு, கறுப்பா இருக்கும். ஆனா கம்பெனி இரும்பு. ஒனக்காக எடுத்து பேப்பர்ல சுத்தி..."

கை மேசைக்கு அடியில் இருந்தது. பேப்பர் விரலில் பட்டது.

பையன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். பட்டையை எடுத்து மாட்டிக் கொடுத்து அனுப்பினேன். காசு வாங்கினேனா என்று நினைவில்லை.

பிறகு கிரீஸ் டப்பாவில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக வந்தது. விளையாடிவிட்டு அலமாரியில் வைக்க வேண்டிய வெள்ளை டப்பாக்கள், அவற்றுக்குள் மறுபடி போய் உட்கார்ந்த டூப்ளிகேட்டுகள். அடையாறுக்காரர் மரம் ஏறாதவர், தரையில் நின்று அறுப்பவருக்கு டூப்ளிகேட் கொஞ்ச நாள் தாங்கும் என்ற நைனாவின் கணக்கு. கடையில் அம்மாவின் குரல் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பது. அவள் சண்டை போடவில்லை. அடையாறுக்காரர் நம்ப வேண்டும் என்று போட்ட நாடகம் அது. அவர் நம்பினார். நானும் நம்பினேன். பதினோரு மணிக்குச் சங்கிலி நின்றதே, அது கறுப்புப் பட்டை பிடித்த பிடி. என் கண் முன்னால்தான் பிடித்தது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு கோபாலபுரம் போனேன். மாமா கேட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். வண்டி எண்கள் எழுதுகிற நோட்டு மடியில் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் தள்ளினார். நான் உட்காரவில்லை.

"மாமா, உன் மிஷின்ல இருந்ததுதான் கம்பெனி."

அவர் நோட்டை மூடினார்.

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"ஆஸ்பத்திரியிலயே. உங்க நைனா காதுல வந்து, ஒனக்குத்தானடா நல்லதப் போட்டேன், நீ ஏன் மாத்தினன்னு கேட்டாரு."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல? நான்தான் சொன்னேன்னு?"

ஒரு கார் வந்தது. மாமா வலது கையால் கேட்டைத் திறந்துவிட்டு, சலாம் வைத்து, மூடிவிட்டு வந்தார்.

"அம்மா இன்னும் அஞ்சு இழுப்பு போட்டுக்கினு இருக்குது, மாமா. தன்னாலதான்னு நெனச்சிக்கினு."

"தெரியும்" என்றார். இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. "அது ஒண்ணுதான் எனக்கு ஆறல. அக்கா தாங்கிக்கும்னு நெனச்சேன். பெரியவ, தாங்கிக்கும். நீ எப்டித் தாங்குவ?"

மாமா நோட்டை நாற்காலியில் வைத்தார்.

"அப்ப ஒனக்கு இன்னா வயசு, சொல்லு" என்றார்.

சொன்னேன்.

ஒன்பது.